திங்கட்கிழமைத் தண்ணீர்

என்னிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் பொய்யையே பதிலாக வாங்கிக்கொண்டு போனவர் ஒருவர் உண்டு. அவர் பெயரை எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். நேரில் மேடம். முதுகுக்குப் பின்னால் முயலம்மா. இரண்டாவது பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு ஏற்றுகிற குளுக்கோஸ், சலைன் பாட்டில்கள் செய்வோம். நான் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். தண்ணீரைக் காய்ச்சி வடித்து, மருந்து கலந்து, கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் வேகவைத்து எடுப்பது என் வேலை. அதை வெளியே அனுப்பலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நான் செய்வதை நிறுத்துவதற்கென்றே ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்தைந்து இருக்கும். வயதில் மூத்தவராக இருந்திருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஒடிசலான உடம்பு. நூல் புடவை, அதன்மேல் முழங்கால் வரைக்கும் வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு தெர்மாமீட்டர் இருக்கும். வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை; குடியிருப்பு சேக்காட்டில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைத் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததாகத் தெரியவில்லை. காலையில் ரயிலிறங்கி நடந்து வருவார். வந்ததும் முதல் வேலை, முந்தின நாள் கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது. சுத்தமாகத்தான் இருக்கும். இருந்தும் மறுபடி கழுவுவார்.

தண்ணீர் என்று எதைக் கண்டாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

"எப்ப பிடிச்சது?"

கேன்டீன் பானையைப் பார்த்துக் கேட்பார். எஸ்டேட் முனை டீக்கடையில் கேட்டு, கடைக்காரர், "கங்கையில புடிச்சதும்மா, குடிச்சா குடி, குடிக்காட்டி போ" என்று ஒருநாள் கத்திவிட்டார். என் மகளின் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி நீட்டிய சொம்பைப் பார்த்தும் அதையே கேட்டார். அவர் போன பிறகு என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுத் தண்ணி என்ன சாக்கடையா? இனிமே அந்தம்மாவைக் கூப்பிடாதீங்க." கூப்பிடவும் இல்லை.

இத்தனைக்கும், குடிக்கிற தண்ணீருக்கும் அவர் பயப்படுகிற சங்கதிக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொல்வார். "வயித்துக்குள்ள போனா வயிறு பாத்துக்கும் சார். ரத்தத்துல நேரா போறப்பதான் வம்பு. ஆனா கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

அந்தச் சங்கதி என்னவென்று எனக்குத் தெரியவந்தது ஒரு சண்டையில்தான். நான் நிரப்பிய ஒரு பேட்ச் முழுவதையும் அவர் சாக்கடையில் கொட்டச் சொன்னார். காரணம், அதன் சாம்பிளை ஊசியில் ஏற்றிய மூன்று முயல்களுக்கும் காய்ச்சல். நான் அவருடைய அறைக்குப் போய் மேஜையைத் தட்டினேன்.

"ஆட்டோகிளேவ்ல வெச்சு எடுத்திருக்கேன் மேடம். ஒரு கிருமி உயிரோட இருக்குன்னு காட்டுங்க, கொட்டறேன்."

"ஒண்ணுகூட உயிரோட இல்ல சார். எல்லாம் செத்துப்போச்சு."

"அப்புறம் என்ன?"

"செத்தது எங்க போச்சு?"

அவர் ஒரு பேட்ச் ஷீட்டைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் வரைய ஆரம்பித்தார்.

"இந்த வகைக் கிருமிக்கு வெளியில ஒரு சுவர் உண்டு. சுவர் பூராவும் ஆணி அடிச்சிருக்கும். ஆணி கொழுப்பால ஆனது. சுவத்துக்குள்ள பதிஞ்சிருக்கும், வெளிய தெரியாது. ஆணி மேல ஒரு முடிச்சு, அது சர்க்கரை. முடிச்சுலேருந்து வெளிப்பக்கமா ஒரு சரம் தொங்கும், அதுவும் சர்க்கரைதான். சரம் கிருமிக்குக் கிருமி மாறும். ஆணி பெரும்பாலும் ஒரே மாதிரிதான்."

"எதுக்கு அதெல்லாம் அதுக்கு?"

"அதுக்கு அதுதான் மழைக்கோட்டு. பித்தநீர், சோப்பு, மருந்து எதுவும் லேசுல உள்ள போகாது. அது இல்லன்னா பொழைக்க முடியாது. யாரையும் கொல்லணும்னு அது ஆணி அடிச்சு வெக்கல சார்." பென்சிலால் சுவரைக் குறுக்கே அடித்தார். "நீங்க வேகவெச்சதும் சுவர் இடியுது. ஆணி அத்தனையும் தண்ணியில கொட்டுது. அந்தச் சூட்டுக்கெல்லாம் ஆணி அசையாது. வெறும் கண்ணாடின்னா ஓவன்ல போட்டுப் பொசுக்கிடலாம். தண்ணியைப் பொசுக்க முடியுமா? அந்தத் தண்ணி ஒருத்தர் ரத்தத்துல போச்சுன்னா, உடம்பு ஆணியைப் பாத்துட்டு, கிருமிப் படையே உள்ள வந்துட்டதா நெனச்சுக் கத்த ஆரம்பிச்சுடும். குளிர், நடுக்கம், ஜுரம். ரொம்ப இருந்தா பிரஷர் விழுந்துடும். ஆணி கொல்லாது சார். நம்ம உடம்பு போடற கூச்சல்லதான் நாம போயிடறோம்."

அந்தத் தாளை நான் நாலாக மடித்து, என் மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. பாட்டில்களை உடைத்துக் கொட்டி முடிக்கிற வரைக்கும் அவர் கொல்லைப்புறச் சாக்கடை ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முயல் கொட்டகை கம்பெனிக்குப் பின்பக்கம் இருந்தது. பன்னிரண்டு முயல்கள், எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் சிவப்புக் கண். காதில் மையால் நம்பர். சாம்பிளை மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றுவார். கழுத்தைப் பிடிக்கிற மரப்பெட்டியில் அவற்றை உட்காரவைத்து, அரைமணிக்கு ஒருதரம் பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். மூன்று மணிநேரம் அந்த அறையில் யாரும் பேசக்கூடாது, செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. முயல் பயந்தால் அதற்கே சூடு ஏறிவிடுமாம். நாங்கள் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பாட்டில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவோம். அவர் எழுந்து வந்து திட்டமாட்டார். உதட்டில் விரலை வைத்து நிற்பார், அவ்வளவுதான்.

முயல்களுக்கு அவர் பெயர் வைத்ததில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்ட கன்னியம்மா ஒன்றிரண்டுக்கு வைத்துப் பார்த்தாள். மேடம் விடவில்லை. "பேர் வெச்சா அப்புறம் ஊசி குத்தக் கை வராது" என்றார். ஆனால் ஊசி போட்ட அன்று, சேக்காட்டிலிருந்து துணிப்பையில் முள்ளங்கி இலை வரும்.

கன்னியம்மா பாரிவாக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, மங்கிப்போன காது நம்பரை மறுபடி எழுதுவது அவள் வேலை. புருஷன் லாரியில் செங்கல் ஏற்றுகிறவர். மூன்று பிள்ளைகள். படிக்கத் தெரியாது, நம்பர் மட்டும் மேடத்திடம் கற்றுக்கொண்டாள். கூண்டுகளில் தகர அட்டை தொங்கும். வெள்ளை அட்டை என்றால் முயல் வேலைக்குத் தயார். சிவப்பு அட்டை என்றால் ஓய்வு. காய்ச்சல் கண்ட முயலுக்குப் பதினைந்து நாள் சிவப்பு அட்டை.

"பதினஞ்சு நாளா? பிள்ளை பெத்த உடம்பா மேடம் அது?" என்று நான் கேட்டேன்.

"ஒருதரம் கத்தின முயல் கொஞ்ச நாளைக்குக் கத்தாது சார். அதுக்குப் பழகிடும். அந்த நேரத்துல அதை டெஸ்ட்டுக்கு வெச்சா, கெட்ட தண்ணியையும் நல்லதுன்னு சொல்லிடும்."

எனக்கு அது விஞ்ஞானமாகத் தெரியவில்லை, மடி ஆசாரமாகத் தெரிந்தது. முயலுக்குத் தீட்டு கழிக்கிறார் என்று ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

அந்த வருடம் தீபாவளியோடு மழையும் வந்தது. கொரட்டூர் முதல் பூந்தமல்லி வரைக்கும் தெருவெல்லாம் தண்ணீர், வீட்டுக்கு வீடு பேதி. ஆஸ்பத்திரிகளில் தரையில் படுக்க வைத்து பாட்டில் ஏற்றினார்கள். ஃபோன் எடுத்தால் பாட்டில், வைத்தால் பாட்டில். முதலாளி ஒரு நாளைக்கு நாலுதரம் என் அறைக்கு வந்தார்.

வியாழக்கிழமை மாலை தொட்டி நிறையத் தண்ணீர் வடித்து வைத்துவிட்டுத் தீபாவளிக்குப் போனோம். தொட்டியில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கொதிப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்வரை அதில் எதுவும் வளராது. வெள்ளிக்கிழமையே கரண்ட் போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் நான் வந்து தொட்டியில் கை வைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு சூடுதான் இருந்தது.

அதைத் திரும்பக் காய்ச்சி வடித்திருக்க வேண்டும். ஆவியோடு அந்த ஆணி வராது, அடியிலேயே தங்கிவிடும். அதற்கு ஒன்றரை நாள் ஆகும். எனக்கு ஒன்றரை நாள் இல்லை. எப்படியும் வேகவைக்கத்தானே போகிறோம் என்று நினைத்தேன். பேட்ச் ஷீட்டில் 'தண்ணீர் பிடித்த நாள்' என்ற இடத்தில் திங்கட்கிழமை என்று எழுதி, நிரப்பச் சொன்னேன்.

முயல்தான் இடித்தது. மழையில் ஆறு முயல்கள் மூக்கொழுகிச் செத்திருந்தன. மீதி ஆறில் மூன்று வெள்ளை அட்டை, அவற்றுக்கும் மூக்கு ஒழுகியது. நோய்கண்ட முயலை அவர் தொடமாட்டார். நன்றாக இருந்த மூன்றும் சிவப்பு அட்டை. போன வாரம்தான் அவற்றுக்குக் காய்ச்சல் வந்து, இன்னொரு பேட்சைக் கொட்டியிருந்தோம். புது முயல் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். மேடம் தீபாவளி விடுப்பு முடிந்து மறுநாள் காலையில்தான் வருவார்.

நான் கொட்டகைக்குப் போனேன்.

"கன்னியம்மா, இந்த மூணையும் அந்த மூணையும் மாத்திடு. காது நம்பரையும் மாத்தி எழுதிடு. மேடம் கேட்டா மூக்கு நின்னுடுச்சுன்னு சொல்லு."

அவள் தயங்கினாள். "சேப்பு அட்டைய தொடக்கூடாதுன்னு மேடம் சொல்லிகீது சார்."

"ஆஸ்பத்திரில ஜனங்க பாட்டில் இல்லாம சாகுது. மேடம் முயலுக்கு லீவு குடுத்துக்கிட்டு இருக்காங்க. உனக்கு எது பெரிசு?"

அவள் மைப்புட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மேடம் வந்து கூண்டைப் பார்த்துவிட்டுச் சின்னப் பெண்போலச் சந்தோஷப்பட்டார். "அட, தேறிடுச்சுங்களே!" என்று கன்னியம்மாவின் தோளைத் தட்டினார். மூன்றுக்கும் ஊசி போட்டார். மூன்று மணிநேரம் தெர்மாமீட்டர் அசையவே இல்லை. சாயங்காலம் பேட்ச் ஷீட்டோடு என் அறைக்கு வந்தார்.

"மூணும் சும்மா இருக்கு சார். ரொம்பச் சும்மா இருக்கு."

"நல்லதுதானே மேடம்?"

அவர் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "தண்ணி எப்ப பிடிச்சது?"

"திங்கக்கிழமை காலைல" என்றேன். கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனையும் ஒருவாரத்தில் முடிந்தது. எதுவும் வளரவில்லை. எப்படி வளரும், எல்லாம்தான் செத்துவிட்டதே. அவர் கையெழுத்துப் போட்டார். வேன் கிளம்பியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து கன்னியம்மா அரக்கப்பரக்க ஓடி வந்தாள். புருஷனுக்குப் பேதி. பாரிவாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்த்திருக்கிறாள், அங்கே பாட்டில் இல்லை, நீயே வாங்கிவா என்கிறார்களாம். எனக்கு அவள்மேல் ஒரு நன்றி இருந்தது. ஸ்டோரில் சொல்லி இரண்டு பாட்டில் எடுத்து, நானே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். "காசெல்லாம் வேணாம், போ" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொடப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். முயலுக்குத் தீனி வைக்க வேறு ஆளில்லை என்று வந்தாளாம். கொட்டகை வாசலில் உட்கார்ந்து மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாக நான் கேட்டேன்.

"நல்லாத்தான் பேசிகினு இருந்தாரு மேடம். ரசஞ்சோறு துன்னணும் போல கீதுன்னாரு. பாட்லு பாதிகூட எறங்கல. குளுருதுன்னாரு. நாலு போர்வ போட்டேன். கட்டிலே ஆடுது மேடம். நம்ம முயலு பொட்டியில வெட வெடன்னு ஆடுமே, அப்டி. ஒடம்பு அனலா கொதிக்குது. அப்பால ஜில்லுனு ஆயிட்சு. விடியறதுக்குள்ள பூட்டாரு."

மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "அந்த பாட்டில் எங்க கன்னியம்மா?"

"ஊட்லதான் கீது. கிஷ்னாயில் ஊத்தி வெச்சிகீறேன்."

அன்று மத்தியானமே அவர் பாரிவாக்கத்துக்குப் போனார். மண்ணெண்ணெய் நாற்றத்தோடு பாட்டிலை வாங்கி, லேபிளில் பேட்ச் நம்பரைப் பார்த்தார். மறுநாள் காலை முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேன் டிரைவரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி என்று அந்த பேட்ச் போன இடமெல்லாம் மழையில் ஏறி இறங்கினார். வயர் கூடையில் பாட்டில்களைத் தானே சுமந்து வந்து வேனில் வைத்தாராம். ஒரு கிளினிக்கில் ஒரு கிழவருக்கு ஏறிக்கொண்டிருந்த பாட்டிலின் குழாயை, டாக்டர் திட்டத் திட்ட, இவரே போய் மூடிவிட்டாராம். டிரைவர் வந்து எங்களிடம் சொன்னான். "அந்தம்மாவுக்கு பைத்தியம் புட்ச்சிட்சுண்ணா. ஆனா கெய்வன் பொயச்சான்."

பிறகு நாலு நாள் அவர் கம்பெனிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் வரைபடத்தாள். நகரத்தில் ஏதோ கல்லூரியில் முயல் கேட்டு வாங்கி, எடுத்துவைத்த சாம்பிளை ஏற்றிப் பார்த்திருக்கிறார். மூன்று கோடுகளும் நெட்டாக மேலே ஏறியிருந்தன. ஒரு கோடு நடுவில் நின்றுபோயிருந்தது.

"அது செத்துப்போச்சு" என்றார்.

அவர் உட்காரவில்லை.

"சார், தண்ணி எப்ப பிடிச்சது?"

எனக்கு இரண்டு பெண்கள். வீட்டுக்கு வாடகை. ஜெயில் என்றெல்லாம் என்னென்னவோ மனதில் ஓடியது. "திங்கக்கிழமை காலைல மேடம்" என்றேன். இந்தமுறை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜைக்காலுக்கு அடியில் அந்தத் தாள் நாலு மடிப்போடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். கன்னியம்மாவும் ஓரமாக நின்றாள். நான் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டு, இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காத்திருந்தேன். மேடம் முன்னால் வந்து சொன்னார். "என் தப்புதான். தெர்மாமீட்டரைத் தப்பாப் படிச்சுட்டேன்."

பன்னிரண்டு வருடச் சர்வீஸில் அவர் ஒருநாளும் தெர்மாமீட்டரைத் தப்பாகப் படித்ததில்லை என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். யாராவது ஒருத்தர் தப்புச் செய்திருக்க வேண்டும், அவரே முன்வந்து சொல்கிறார், அப்புறம் என்ன. கன்னியம்மா தலையிலடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்தினாள். "பாவி, என் தாலிய அறுத்துட்டியே! ஒயுங்கா பாக்கக்கூடாதா?" அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். தெர்மாமீட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சாயங்காலம் ஷிஃப்ட் முடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவரை மறுபடி பார்க்க எனக்கு ஏழெட்டு வருடம் பிடித்தது. அதற்குள் தொண்ணூறுகள் வந்துவிட்டன. கம்பெனியில் முயல்கள் போய், ஏதோ கடல் நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த பொடி வந்திருந்தது. அதைச் சின்னக் குழாயில் போட்டுச் சாம்பிளைக் கலந்தால், ஆணி இருந்தால் உறைந்துவிடும். ஒருமணி நேர வேலை. குழாய் முதல்முறை உறைந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டுக்குப் போனேன்.

சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. எந்தக் கம்பெனியிலும் மறுபடி வேலை கிடைக்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விலங்கியல் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எதையாவது பேசவேண்டுமே என்று, "எப்ப பிடிச்சது மேடம்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இப்பதான்" என்றார்.

முயல் போய் நண்டு வந்ததைச் சொன்னேன். "முயலை விட்டுட்டாங்களா? நல்லது" என்றார். பிறகு என்னால் முடியவில்லை.

"வியாழக்கிழமை பிடிச்ச தண்ணி மேடம் அது. நம்பரையும் நான்தான் மாத்தச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்ப?"

"ரெண்டாவது தடவை கேட்டப்பவே தெரியும். டெஸ்ட் அன்னிக்கே காதுல போன வாரத்து ஊசித் தடம் ஆறாம இருந்ததைப் பாத்தேன் சார். பாத்தும், எழுதியிருந்த நம்பரை நம்பிட்டேன். அதனால கையெழுத்து என்னுதுதான். அதுல உங்களுக்குப் பங்கு தர மாட்டேன்."

"என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே மேடம்?"

"உங்களுக்காகச் சும்மா இருந்தேன்னு நெனச்சீங்களா?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "உங்க மேல எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு உங்களை ஜெயில்லயே தள்ளியிருப்பேன். உங்களைச் சொன்னா முயலைச் சொல்லணும். முயலைச் சொன்னா நம்பரைச் சொல்லணும். நம்பரை எழுதினது கன்னியம்மா கை. பாட்டிலைத் தூக்கிட்டுப் போய்க் குடுத்ததும் அவ கை. அது தெரிஞ்சா, மூணு பிள்ளைய வெச்சுக்கிட்டு அவ எப்படி சார் உயிரோட இருப்பா?"

"நான் போய் அவகிட்ட என் தப்புன்னு சொல்லி, கால்ல விழுந்துடறேன் மேடம். பொறுக்க முடியல."

அவர் என் டம்ளரை எடுத்தார். நான் குடிக்காத தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார்.

"உங்க ஜுரம் இறங்கணும்னு அவளுக்கு ஏத்தி விடாதீங்க. நீங்க பாட்டுக்கு நடுங்கிட்டு இருங்க. போயிட்டு வாங்க சார்."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. சில வருடம் கழித்து அவர் இறந்துபோனதாக ஆவடியில் ஒருத்தர் சொன்னார். என்ன நோய் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ முழங்கையைத் தொட்டார்கள். கன்னியம்மா. பல் ஒன்றிரண்டு போயிருந்தது. பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டாளாம், பேரன் இருக்கிறானாம். என் பெண்களைப் பேர் பேராக விசாரித்தாள்.

"அந்த முயலம்மா செத்துட்சாமே சார்?"

"ஆமா கன்னியம்மா."

"சாவட்டும். அன்னிக்கு ஒயுங்கா பாத்திருந்தா என் ஊட்டுக்காரு இன்னிக்கு பேரன தூக்கிகினு இருப்பாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ மவராசன் சார். யாரு குடுப்பா, ரெண்டு பாட்லு சும்மா எத்து குட்த்தியே. நீ இன்னா பண்ணுவ, அவரு நேரம். தெனம் வெளக்கேத்தசொல்லோ உன் புள்ளைங்களுக்கும் சேத்துதான் வேண்டிக்கிறேன்."

வாய்வரைக்கும் வந்தது. வியாழக்கிழமை என்ற ஒரு சொல் போதும். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். வெயில் தாங்க முடியாமல் இருந்தது.

"தண்ணி கீதா சார்?"

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். எப்போது பிடித்தது என்று கேட்கவில்லை.